ஈட்டிக்கடவுக் கோடு

அஜிதா அன்று காலை எட்டு மணிக்குள் மூன்று டீ போட்டிருந்தாள். ஒன்றைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. கழக்கூட்டத்தில் வாடகைக்கு எடுத்திருந்த ஐந்தாம் மாடி வீட்டில் சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். கையில் போன், போனில் வரைபடம், வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. புள்ளியின் பெயர் பகவதிப்பெருமாள். ஆரியசாலையில் வற்றல்மிளகாய் மொத்தக்கடை நடத்தி, அதை மகனிடம் கொடுத்துவிட்டு, அறுபத்தோராம் வயதில் மலையேறும் சைக்கிள் வாங்கிய மனிதர். அந்தப் புள்ளி முக்கால் மணி நேரமாக நின்ற இடத்திலேயே நின்றது.

பாலோடு என்ற ஊரைத் தாண்டிய காட்டுக்குள் சிக்னல் கிடைக்காது, அதனால் புள்ளி நகராது. இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் போய்க்கொண்டிருந்தது அவள் போட்டுக்கொடுத்த வழியில். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வழியில் அறுபது மீட்டர் பச்சைப் பொய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் அந்த வழியை அவள் தனியாக ஓட்டிப் போன் வரைபடத்தில் பதிவு செய்தாள். மலைமேல் ரப்பர்த் தோட்டம், காட்டோரத்து ஒற்றையடிப் பாதை, அங்கிருந்து இறக்கம், இறக்கம் முடிந்தால் வாமனபுரம் ஆற்றின் படுகை. ஈட்டிக்கடவு என்ற இடத்தில் ஆற்றில் இறங்கி அக்கரை போய்விட்டால் நாணலுக்கு நடுவே மணல்பாதை. இறங்க வேண்டியதுதான் பாக்கி. தண்ணீரைப் பார்த்தாள், கால் வரவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியாது. வந்த வழியே திரும்பி, சைக்கிளை ஒரு குட்டியானை சரக்கு வண்டியில் ஏற்றி, கீழே பாலம் சுற்றி அக்கரைக்குப் போய், ஒன்றுமே நடக்காததுபோல அங்கிருந்து மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். சாயங்காலம் வண்டியில் போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு நுனிகளையும் ஒரு நேர்கோட்டால் சேர்த்துவிட்டாள். விரலால் இரண்டு தட்டு. அவ்வளவுதான் வேலை.

பிறகு ஒரு நாள் போய் உண்மையிலேயே கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் பாராட்டு வந்துவிட்டது. 'ஆற்றைக் கடந்த முதல் பெண்' என்று சைக்கிள் குழுவில் யாரோ எழுதினார்கள். மறுக்க வேண்டும் என்று நினைத்து, நாளைக்கு என்று வைத்து, வைத்தது வைத்தபடி இருந்துவிட்டது. கோடையில் நாலைந்து பேர் போய்வந்து முழங்கால் தண்ணீர்தான், அருமை என்றார்கள். பொய் தானாகவே உண்மையாகிவிட்டது என்று அவள் மனம் தேற்றிக்கொண்டது. மனசுக்கு அந்தச் சாமர்த்தியம் எப்போதும் உண்டு.

இது ஜூன். இடவப்பாதி மழை பிடித்துப் பத்து நாள் ஆகிறது. முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம் பெருமாள் அண்ணாச்சி கூப்பிட்டு, மழையிலேயும் அந்தக் கடவில் போகலாமா என்று கேட்டார். ஆபீஸ் வேலையில் தலை முங்கிக் கிடந்த நேரம். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்று சொல்லப் போனால் எல்லாம் வெளியே வரும். "போலாம் அண்ணாச்சி, நான் போயிருக்கேன்லா," என்று சொல்லி வைத்துவிட்டாள். மனிதர் போகமாட்டார் என்று நினைத்தாள். அவரோ விடியற்காலையிலேயே சைக்கிளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய் இறங்கிவிட்டார்.

எட்டேகால் மணிக்கு ஏழாவது தடவையாக அவரைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண் மலையாளத்தில் மிக அமைதியாகச் சொன்னாள். குழுவில் ஒரு வரி எழுதியிருந்தால் பாலோட்டுப் பக்கம் இருக்கிற யாராவது பத்து நிமிஷத்தில் கடவுக்கு ஓடியிருப்பார்கள். எழுதவில்லை. எழுதினால் காரணமும் எழுத வேண்டுமே. ஓர் ஆளின் உயிர் ஒரு பக்கம், தன் பெயர் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள். லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமை இல்லை.

வெம்பாயம் தாண்டும்போது மழை பிடித்தது. ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு பஸ்ஸுக்குப் பின்னாலும் அவள் அவரோடு சேர்ந்து மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இப்போது ரப்பர்த் தோட்டம், இப்போது ஒற்றையடிப் பாதை, இப்போது இறக்கம். பஞ்சர் ஆகட்டும், அட்டை கடித்துத் திரும்பிப் போகட்டும், சங்கிலி அறுந்து விழட்டும் என்று பழவங்காடிப் பிள்ளையாரிடம் வேண்டினாள். ஒரு நல்ல மனிதருக்கு இத்தனை கெடுதல் வேண்டிக்கொண்டவள் அன்றைக்கு அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

கடவுக்குப் பின்னாலிருந்த வாழைத்தோட்டத்தில் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு நாணலை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஆறு செம்மண் நிறத்தில், படுகை முழுக்க அடைத்துக்கொண்டு போயிற்று. சத்தம் காதை அடைத்தது. அக்கரையில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஓர் ஆள், கையில் சைக்கிள், தண்ணீரைப் பார்த்துத் தயங்கிக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினாள். வராதீங்க, வராதீங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தூரத்திலும் முகம் மலர்ந்தது தெரிந்தது. வழி போட்டவளே எதிர்கொண்டு அழைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். பதிலுக்கு அவரும் கையை ஆட்டினார். இவள் இன்னும் வேகமாக ஆட்டினாள். அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. சைக்கிளைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கரைச்சரிவில் ஒரு கால் வைத்தார்.

அஜிதாவுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. தண்ணீருக்குள் இறங்கினாள். முதல் எட்டில் முழங்கால், இரண்டாவதில் இடுப்பு, மூன்றாவதில் கீழே தரையே இல்லை. மூக்கில் வாயில் சேற்றுத்தண்ணீர் ஏறியது. ஆற்றின் ஒழுக்கு அவளைச் சுழற்றி இழுத்து, பத்தடி கீழே ஓர் ஆற்றுவஞ்சிப் புதரில் கொண்டுபோய் மோதியது. அதைக் கட்டிக்கொண்டாள். விட்டால் போய்விடுவோம் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. புதரின் வேரைப் பிடித்துப் பிடித்துக் கரையேறி, குப்புறக் கிடந்து இருமி, திரும்பிப் பார்த்தாள். அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு மேட்டில் ஏறி நின்றிருந்தார். இவள் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த பிறகு, ஆற்றின் கீழ்ப்பக்கத்துப் பாலத்தைக் கைகாட்டினார்.

பாலத்து முனையில் ஒரு டீக்கடை. அங்கே ஈரத்துணியோடு, சிராய்த்த முழங்கையோடு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தாள். உட்கார முடியவில்லை. கடைக்காரர் ஒரு துண்டு கொடுத்தார். ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்ததால் போன் நனையவில்லை, ஆனால் அதைத் தொடவே பயமாக இருந்தது. சொல்லிவிட வேண்டும், அவர் சைக்கிளை நிறுத்தியதும் சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் வார்த்தைகளை அடுக்கி அடுக்கிக் கலைத்தாள்.

அண்ணாச்சி வந்தார். வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. எனக்காகத் தண்ணியிலே சாடினியே, பெத்த பிள்ளை செய்யுமா என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. வாயைத் திறக்கப் போனவளை நிறுத்தி, கொஞ்சம் வெட்கத்தோடு தன் போனை நீட்டினார்.

பாலத்தில் சிக்னல் கிடைத்ததும் குழுவில் எழுதியிருந்தார். 'ஈட்டிக்கடவு கடந்தாச்சு. வயசு அறுபத்தொண்ணு. அஜிதா போட்ட வழி தங்கமான வழி.' கீழே வரிசையாகக் கைதட்டல்கள். கடைசியில் ஷிபின் என்ற பையன் எழுதியிருந்தான்: 'அடுத்த ஞாயிறு நாங்க ஆறு பேர் போறோம்.'

"வீட்டிலே சொல்லிட்டாக்கும் எறங்கினேன், மக்களே," என்றார் பெருமாள். "மகன் சிரிச்சான். இந்த வயசிலே ஆத்தைக் கடக்கப் போறீரான்னு. திரும்பி வந்துட்டேன்னு எந்த மூஞ்சியை வச்சுட்டுச் சொல்ல? நமக்குள்ளே இருக்கட்டும், கேட்டியா."

அஜிதா அந்த ஆறு பேர் என்ற எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, நான் அந்த ஆத்தைக் கடந்ததே இல்ல. பேடிச்சுப் போயி வண்டியிலே சுத்திப் போனேன். அந்தக் கோடு நான் கையால போட்டது."

அவர் பிடித்திருந்த கையை விட்டார். டீ வந்தது, ஆறியது. பாலத்தின்மேல் ஒரு பஸ் போய், இன்னொரு பஸ் வந்தது. நேற்று நான் உன்கிட்டே கேட்டேனே என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்து நின்றாள். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு, அந்தக் கோட்டை மட்டும் சத்தமில்லாமல் அழித்துவிடு, ஏன் என்று எவனும் கேட்கமாட்டான் என்றார். குரல் இறங்கியிருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய முகம்தான் அது.

"கேக்கமாட்டாங்க அண்ணாச்சி. ஆனா நீங்க கடந்துட்டீங்கன்னு நினைச்சு வருவாங்க."

அவர் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து போனை எடுத்தாள். எழுத்துத் தப்பித் தப்பி, அழித்து அழித்து எழுதினாள். மழையில் ஈட்டிக்கடவில் வழி கிடையாது, அதை நான் கடக்கவில்லை, பொய்யாக வரைந்தேன், யாரும் போகாதீர்கள். தன் பெயரைத் தவிர வேறு பெயர் எழுதவில்லை. அனுப்பினாள்.

அவருடைய போன் சட்டைப்பைக்குள் ஒரு தடவை ஒலித்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒற்றை விரலால் அவர் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. அவளுடைய போனில் வெளிச்சம் வந்தது.

'நானும் கடக்கலை. பெருமாள்.'