கிட்ரிட்ஜ் விசில் ஊதினார்

பேராசிரியர் ஆம்புரோஸ் கிட்ரிட்ஜ் காலையில் வடிவியல் நடத்துவார். மாலையில் அதே மாணவர்களைச் சேற்றில் புரட்டியெடுத்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து பழக்குவார். இரண்டிலும் தனக்கு நிகர் அயோவாவிலேயே இல்லை என்பது அவர் எண்ணம். அது அவ்வளவு தப்பான எண்ணமும் இல்லை.

கல்லூரித் தலைவர் லோரிமர் பாதிரியார் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: "கை கால் ஒடிஞ்சதுதான் மிச்சம். இந்தத் தடவையும் தோத்தா ஆட்டத்தையே மூடிடுவேன்."

ஆட்டத்தன்று நடுவர் ஏறிய ரயில் வழியில் நின்றுபோனது. எதிரணித் தலைவன் ஹாஸ்கல், கிட்ரிட்ஜையே நடுவராக இருக்கச் சொன்னான்.

"வேலிக்கு ஓணான் சாட்சியாடா?" என்றான் அவன் கூட்டாளி.

"சொந்த மச்சினனையே பரீட்சையில ஃபெயிலாக்குன மனுஷன்டா அவரு. பேசாம ஆடு."

தன்னைவிட நல்ல நடுவர் அந்த ரயிலிலும் இல்லை என்று நினைத்தபடி கிட்ரிட்ஜ் விசிலை வாங்கிக்கொண்டார்.

கடைசி நிமிடம். ஒருமுறை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அவர் பையன்களுக்கு வெற்றி. அவர்களில் ஓடிஸ் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடினான். கோட்டுக்குச் சற்று முன்னால் நாலு பேர் அவன்மேல் விழுந்து அமுக்கினார்கள். அந்தக் காலத்தில் பிடிபட்டவன் தன் வாயால் 'டவுன்' என்று சொன்னால்தான் ஓட்டம் நின்றதாகக் கணக்கு. சொல்லாதவரை சொந்த ஆட்களே அவனை இழுத்துக்கொண்டு போகலாம். இழுத்தார்கள். கோட்டையும் தாண்டினார்கள். கூட்டம் தொப்பிகளை வீசிக் கூத்தாடியது.

ஆனால் இழுப்பதற்கு முன்பே, மூச்சுத் திணறி, ஓடிஸ் அந்தச் சொல்லை முனகியிருந்தான். குனிந்து நின்ற கிட்ரிட்ஜின் காதில் அது விழுந்தது.

விசில் ஊதினார். "செல்லாது. பந்தப் பழைய இடத்துலயே வைங்க."

"நான் ஒண்ணும் சொல்லல சார்."

"சொன்ன, ஓடிஸ்."

அந்தப் பையன்கள் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

ஓடிஸ் தலையைக் குனிந்துகொண்டான். "மூச்சு முட்டிருச்சு சார்."

எதிரணியின் இடப்பக்கத்தில் ஒருவன் நொண்டுவதைக் கிட்ரிட்ஜ் பார்த்தார். அங்கே மோதினால் ஜெயம் நிச்சயம். நடுவர் வாய் திறக்கலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பையன்கள் அதற்கு மறுபக்கம் போய் மோதினார்கள், தோற்றார்கள்.

எல்லைக்கோட்டுக் கம்பத்தருகே நின்றிருந்த லோரிமர் சேற்றை மிதித்துக்கொண்டு வந்தார்.

"தோத்தா மூடிடுவேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. மூடுங்க. ஆனா அத நீங்களே பசங்ககிட்ட சொல்லணும்."

பாதிரியார் பையன்கள் பக்கம் பார்த்தார். போகவில்லை. குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையன் முனகுனது என் காதுலயும் விழுந்துச்சு, கிட்ரிட்ஜ். நானா இருந்தா வாயத் திறந்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் ஹாஸ்கல் உங்கள நடுவராக் கூப்பிடல."

லோரிமரின் முகம் சிவந்தது. பிறகு தொண்டையைச் செருமினார். "அடுத்த வருஷமும் தோத்தா நிஜமாவே மூடிடுவேன்."