தமிமுந்த் அளந்த கோதுமை

1996-ஆம் ஆண்டு ரமலானின் கடைசி நாள் காலை பத்தேகால் மணிக்கு, நெதர்லாந்தின் கௌடா நகரில், பூட்டியிருந்த ஒரு காரின் பின்பெட்டிக்குள் இரண்டரைக் கிலோ கோதுமை பசித்து அழுதது.

கோதுமை அழுததில் யாருக்கும் வியப்பில்லை. கார் பூஸியானுடையது. மொராக்கோவின் ரிஃப் மலையிலிருந்து வந்து குடியேறியவர்களின் தெரு அது. பெருநாள் தொழுகைக்கு முன் குடும்பத் தலைவர் தன் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் இரு கையும் சேர்த்து நான்கு அள்ளு தானியம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் பள்ளிவாசலில் அதைப் பணமாகக் கட்டினார்கள். பூஸியான் மட்டும் கோதுமையாகவே கொடுத்தார். பெயரைச் சொல்லி அவர் அள்ளிப் போட்ட பை, அந்தப் பெயருக்கு உரியவரைப் போல நடந்துகொள்ளும். மகன் ஜமாலின் பை நின்ற இடத்தில் நிற்காது. 1989-இல் மகள் நஈமாவுக்குக் கக்குவான் வந்தபோது அவளுடைய பையும் இருமியது. அதைப் பெற்றுப்போன குடும்பம் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நாள் சன்னலோரம் வைத்திருந்து, இருமல் நின்ற பிறகு அரைத்தது.

அன்று சமையலறையில் ஐந்து பைகள் இருந்தன. பூஸியானுக்கும் அவர் மனைவி தமிமுந்துக்கும் ஆளுக்கொன்று, பிள்ளைகள் மூவருக்கும் மூன்று. எதிர்வீட்டு யம்னா பலகாரத் தட்டு கேட்டு வந்தாள்.

“தமிமுந்த், ஒங்க கார்ல பச்சப்புள்ள அழுவுதுடி.”

“எங்க வீட்டுல ஏதுடி பச்சப்புள்ள? பூனை ஏறியிருக்கும்.”

“அஞ்சு பெத்தவடி நான். பூனைக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதா?”

தமிமுந்த் மாற்றுச் சாவியால் பின்பெட்டியைத் திறந்தாள். இரண்டு பைகள் இருந்தன. ஒன்று அழுதது. இன்னொன்று அதன்மேல் சாய்ந்து ஆடியபடி, ரிஃப் மலையில் பூஸியானின் சொந்த ஊரான நதோர்ப் பக்கத்துப் பேச்சில், இளம் பெண்குரலில், “அப்பா வருவார்டா செல்லம், கோடை வந்தா வருவார்” என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தது.

மூன்று கோடைகளாகப் பூஸியான் ஐந்தைந்து வாரம் நதோருக்குப் போய்வந்தார். தாயின் வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றார். அந்தக் கூரைக்காகத் தமிமுந்த் அண்டைவீடுகளின் இருநூற்றுப் பன்னிரண்டு சன்னல்களுக்குத் திரை தைத்திருந்தாள். மனைவியிடம் பொய் சொல்லப் பூஸியானால் முடிந்தது. தன் பொறுப்பில் உள்ள ஒரு தலையை அளக்காமல் விட அவரால் முடியவில்லை.

“பொம்பளக் கொரல்ல பேசுற பை போன வருசமே இருந்துச்சு. ஒனக்குத் தெரியும்னு நெனச்சோம்” என்றாள் யம்னா.

“நெனச்சோம்னா? யாரு யாரு?”

யம்னா தன் செருப்பைப் பார்த்தாள்.

சத்தம் கேட்டுப் பூஸியான் வெளியே வந்தார். திறந்திருந்த பெட்டியைப் பார்த்ததும் நின்றார்.

“கூரை ஒழுகவே இல்லையா?” என்று கேட்டாள் தமிமுந்த்.

“ஒழுகிச்சு. மொத வருசம்.”

“அப்புறம் ஏன் இதை அளந்தீங்க?”

“அல்லாவுக்குப் பயந்துதான்.”

“எனக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாம்.”

அவள் உள்ளே போய்த் தன் பெயருக்கு அவர் அளந்த பையை அவிழ்த்துக் கோதுமை மூட்டையிலேயே திரும்பக் கொட்டினாள். பிறகு தன் கையால் நான்கு அள்ளு அளந்தாள். கை சிறியது என்பதால் ஐந்தாவதாகவும் ஒன்று போட்டாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. பையைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிவாசலுக்கு ஓட்டிப் போனாள். குழந்தையின் பை மாலைவரை அழுதது. பூஸியான் அதை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

“ஒனக்கும் சேத்து ஒன் வீட்டுக்காரர்தானம்மா குடுக்கணும்? நீ ஏன் கொண்டுவந்த?” என்றார் பள்ளிவாசலில் இமாம்.

“அவர் தலை எண்ணுற எடத்துல நான் இல்ல.”

“அதெப்படிம்மா, நிக்காஹ் இருக்கிற வரைக்கும்...”

“போன வருசம் அந்தப் பொம்பளையோட பைய வாங்கி வெச்சது நீங்கதானே, இமாம்?”

அவள் பையை வாசல் ஓரம் வைத்துவிட்டுப் போனாள்.

அதை எடுத்து உள்ளே வைக்க இமாமால் முடியவில்லை. இளைஞர்கள் இருவர் முயன்றார்கள், பிறகு நால்வர். பை அசையவில்லை. பெருநாளன்று விடியற்காலை ஏழைகள் பாத்திரத்தோடு வந்தபோது, அவர்களையே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள். பாத்திரத்தில் விழுந்த கோதுமை எப்போதும் போல லேசாக இருந்தது. பை குறையவில்லை. மூன்று ஆண்டுகளில் அந்த இடத்தில் தரை நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. நகராட்சிப் பொறியாளர் வந்து அளந்தார். கௌடா முழுவதுமே சதுப்பு மண், எல்லா வீடும் இறங்கத்தான் செய்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

தமிமுந்த் தையல் இயந்திரத்தோடு மாடி அறைக்குப் போனாள். தைத்து வரும் பணம் அவளுடையதாகவே இருந்தது. பூஸியான் ஒவ்வோர் ஆண்டும் ஆறு தலைக்கு அளக்கிறார். ஏழாவதாக அவள் பெயரைச் சொல்லி அள்ளினால், ஒரு கோதுமை மணிகூடத் தங்காமல் விரலிடுக்கில் வழிந்துவிடுகிறது. முதல் இரண்டு ஆண்டு திரும்பத் திரும்ப முயன்றார். இப்போது ஒரு தடவை அள்ளிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்கிறார்.

பள்ளிவாசலில், பைக்கு இடைஞ்சலாக இருந்த செருப்பு அடுக்கை ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள்.