மூடிய ஜன்னலும் புகைக்குழாயும்

"இருபத்தெட்டு வருஷமா நான் வெச்ச புகைக்குழாய ஒரு ஆளும் குறை சொன்னதில்ல" என்பது குழாய் பொருத்தும் ஓட்மாரின் பல்லவி. கேட்டவர்களிடம் மட்டுமல்ல, கேட்காதவர்களிடமும் பாடுவார். அந்த வெள்ளிக்கிழமை காலை ரைமுண்டின் வீட்டில் அதை இரண்டு தடவை பாடி முடித்திருந்தார்.

ரைமுண்டுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. குறைமாதத்தில், எட்டு வாரம் முன்னதாகவே பிறந்துவிட்ட மகளும் மனைவி கார்லாவும் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள். வெளியே புல்லெல்லாம் உறைபனி. வீட்டைச் சூடாக்கிவந்த பழைய எண்ணெய் பாய்லரைக் கழற்றியாயிற்று. மரத்தூளை அழுத்திச் செய்த குருணையை எரிக்கும் புது பாய்லர் தயாராக நிற்கிறது. ஆனால் புகைபோக்கித் துப்புரவு மேஸ்திரி புர்கி கையெழுத்துப் போடாமல் அதைச் சோதனைக்குத் தவிர ஓட்டக் கூடாது. வீடு சூடாகாவிட்டால் குழந்தையை அனுப்பமாட்டோம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

புர்கி பதினொன்றரைக்கு வந்தாள். கறுப்புச் சட்டை, வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். புகைபோக்கிக்காரர் பொத்தானைத் தொட்டால் நல்லது நடக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; ரைமுண்ட் ஓடிப்போய் ஒன்றைத் தொட்டுக்கொண்டான்.

"தொட்டுக்க, தொட்டுக்க. அதிர்ஷ்டம் சும்மாவே தருவேன். கையெழுத்துதான் அவ்வளவு சுலபத்துல வராது" என்று சிரித்தாள்.

"ஏம்மா, என் வேலையப் பாக்க உனக்கு அஞ்சு நிமிஷம் போதும்" என்றார் ஓட்மார்.

"பொறுமையா பாக்கறேன் ஓட்மார். நல்ல வேலைன்னா ரசிச்சுப் பாக்கணும்ல?"

மெய்யாகவே ரசித்துத்தான் பார்த்தாள். கூரையில் பூனை மாதிரி ஏறினாள். குருணையின் புகை அத்தனை சூடில்லை. அகலமான பழைய செங்கல் புகைபோக்கியில் விட்டால் பாதி வழியிலேயே குளிர்ந்து, வேர்த்து, சுவரை அரித்துவிடும். அதனால் ஓட்மார் உள்ளே எஃகுக் குழாயைத் துண்டு துண்டாக இறக்கிப் பொருத்தியிருந்தார். புர்கி அதற்குள் மேலே இருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே கசியாமல் அடியிலிருந்த வடிகாலில் வந்து விழுந்தது. பரணில் குழாய்க்கும் மர உத்தரத்துக்கும் நடுவே கையை விட்டு இடைவெளி அளந்தாள். குழாயடியில் இருந்த துப்புரவுக் கதவில் கண்ணாடி வைத்து உச்சிவரை பார்த்தாள்.

"அடடா! மூட்டு ஒவ்வொண்ணும் நகை மாதிரி இருக்கு" என்றாள்.

ஓட்மாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே!"

பாய்லரைச் சோதனைக்கு ஓடவிட்டு குழாய் புகையை மேலே இழுக்கும் விசையை அளக்கும் இழுவைமானியைச் செருகினாள். முள் நல்ல இடத்தில் நின்றது. ஓட்மார் பேனாவையே எடுத்து நீட்டிவிட்டார். அவள் வாங்கவில்லை. அடுத்த அறையில் ரைமுண்ட் அவளுக்காக ஷ்னிட்சல் இறைச்சி பொரித்துக்கொண்டிருந்தான்.

"ரைமுண்ட், ஜன்னல் எல்லாத்தையும் சாத்து. அடுப்பு மேல இருக்கற எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்துல போடு."

ஃபேன் உறுமியது. மானியின் முள் சரிந்தது. சரிந்து, சுழியையும் தாண்டி மறுபக்கம் போயிற்று. புர்கி தீக்குச்சி கொளுத்தி ஊதி அணைத்து, பாய்லரின் காற்றுத் துளையருகே பிடித்தாள். புகை உள்ளே போக வேண்டாமோ? நேரே ஓட்மாரின் முகத்துக்கு வந்தது. அவள் சட்டென்று பாய்லரை நிறுத்தினாள்.

"இது என்ன கூத்து? மூணு நாளா காலைல எட்டு மணிக்குப் பாத்தேன். இழுவை பிரமாதமா இருந்துச்சு!" என்று கத்தினார் ஓட்மார்.

"எட்டு மணிக்கு வீட்ல என்ன நடக்கும்?"

ஓட்மாரின் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. எட்டு மணிக்கு அந்த ஊரில் எல்லா வீட்டிலும் என்ன நடக்கும்? பனியோ மழையோ, ஜன்னலையெல்லாம் விரியத் திறந்துபோட்டு வீட்டுக்குக் காற்றாட விடுவார்கள். அவர் சோதித்ததெல்லாம் திறந்த வீட்டை.

"புது ஜன்னல், புது கதவு, ஊசி நுழைய இடமில்ல. ஃபேனுக்குக் காத்து எங்கேருந்து வரும்? உங்க அழகான குழாய் வழியா கீழ இறங்கும், விஷவாயுவோட. மணமும் இருக்காது, நெறமும் இருக்காது. மொதல்ல தலவலிக்கும், அப்பறம் தூக்கம் வரும், அவ்வளவுதான். மேல தொட்டில் போட்டிருக்காங்க ஓட்மார்."

ரைமுண்ட் கரண்டியோடு வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்க்க ஓட்மாருக்குத் தெம்பில்லை. கோபம் போன இடம் தெரியவில்லை. வண்டிக்குப் போய்த் துளையிடும் இயந்திரத்தைத் தூக்கிவந்தார்.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த அழகைச் சொல்லியே ஆகவேண்டும். வெளிச்சுவரில் துளை போட்டு, வெளிக்காற்று நேரே பாய்லருக்குள் போகத் தனிக்குழாய் வைத்தார். பாய்லர் அறைக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார். ஜன்னல் திறந்தால் மட்டுமே ஃபேன் ஓடும்படி ஒரு சுவிட்சும் மாட்டினார். புர்கி வேறு இடத்துக்குப் போகாமல் கூடவே நின்று எடுபிடி பார்த்தாள். நாலு மணிக்கு மறுபடி எல்லாவற்றையும் சாத்தி, பாய்லரை ஓடவிட்டு, ஜன்னல் சுவிட்சைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஃபேனை முடுக்கினார்கள். முள் அசையவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் விஷவாயுவைக் கண்டு கத்தும் கருவியையும் மாட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

"இந்த வேலையப் பத்திப் பெருமையா நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்றாள் ஓட்மாரிடம்.

அவர் சிரிக்கவில்லை.

"புர்கி, போன மாசம் பக்கத்து ஜில்லாவுல என் பொண்ணு மாக்டா வீட்ல நானே இதே மாதிரி ஒண்ணு வெச்சேன். அதையும் காலைலதான் சோதிச்சேன்."

"போன் போடுங்க. இப்பவே."

போட்டார். மாக்டா எடுத்தாள், பின்னால் ஃபேன் சத்தம்.

"சமையல்ல இருக்கேம்ப்பா. என்ன விஷயம்?"

"ஒடம்பு எப்படிம்மா இருக்கு?"

"ஒரு வாரமா தலவலிப்பா. பசங்களும் சோபாவுலயே சுருண்டு கெடக்குதுங்க. எல்லாம் இந்தச் சூடான தெக்குக் காத்து பண்ற வேலை. அது வீசினாலே இங்க எல்லாருக்கும் தலவலிதான், உனக்குத் தெரியாதா?"

ஓட்மார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். காலையில் விழுந்த உறைபனி நிழலில் இன்னும் கரையாமல் கிடந்தது. மரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"மாக்டா, காத்து அடிக்கலம்மா" என்றார். "பாய்லர நிறுத்தப் போகாத. பசங்களத் தூக்கிக்கிட்டு வெளிய ஓடு."