போன ஞாயிற்றுக்கிழமை பற்றி ஒரு கடிதம்

என் புருஷன் வாசுதேவன் செத்து மூன்று வருஷம் முடிவதற்குள் நான் பத்தாவது பாஸ் பண்ணியாக வேண்டியிருந்தது. பண்ணினால் செங்கல்பட்டில் அவர் பார்த்த ஆபீஸிலேயே கிளார்க் வேலை. அதற்குக் கருணை அடிப்படை என்று பெயர். "இங்கிலீஷ் ஒண்ணுதானேம்மா பாக்கி? தாண்டிட்டேன்னா நாற்காலி. இல்லாங்காட்டி தொடப்பம்," என்றார் சூப்பரின்டென்டென்ட் பக்தவத்சலம். கருணையை அவ்வளவு பச்சையாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

மதுராந்தகம் டுடோரியலில் இறந்தகால வினைகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அடுப்புக்கு மேலே ஒட்டினேன். அப்போது ஏழாவது படித்த என் மகள் அனு கேட்பாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். கோ, வென்ட். ட்ரிங்க், ட்ராங்க். ஸ்லீப், ஸ்லெப்ட். ஒன்றுக்கொன்று ஒட்டாத கழுதைகள். தப்பினால் கரண்டியால் என் கையில் தட்டுவாள். "இன்னாம்மா நீ, எத்தினி தபா சொல்றது?"

தொண்ணூற்றெட்டு அக்டோபர், எனக்கிருந்த கடைசிப் பரீட்சை. போன ஞாயிற்றுக்கிழமையை எப்படிக் கழித்தாய் என்று தோழிக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தது. டுடோரியல் கடிதம் மனப்பாடமாக இருந்தது: மாமல்லபுரம் போனோம், கடல் பார்த்தோம், சுண்டல் தின்றோம், சந்தோஷமாகத் திரும்பினோம். அதை எழுதத்தான் பேனாவைத் திறந்தேன்.

கை வேறு ஞாயிற்றுக்கிழமையை எழுதியது. அவர் அனுவை சைக்கிளில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போனார். வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாயு என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். நான் தூங்கிவிட்டேன். விடிந்தபோது அவர் இல்லை. இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாததை, ஒரு வினை தப்பாமல், நாலு பக்கம் இங்கிலீஷில் எழுதினேன். மணி அடித்தபோது பாதிக் கேள்விகள் தொடாமலே கிடந்தன.

முப்பத்தொன்று. நாலு மார்க் போதவில்லை.

"உனுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எப்டிம்மா?" என்று அனு அழுதாள். நான் என்ன எழுதினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. ஃபெயிலானதை விட அதுதான் கேவலமாக இருந்தது.

தொண்ணூற்றொன்பது ஜனவரியிலிருந்து அந்த ஆபீஸைப் பெருக்குகிறேன். அவர் நாற்காலியில் இப்போது இருப்பவர் நல்ல மனுஷர். நான் குனிந்தால் காலைத் தூக்கிக்கொள்வார்.

அனு பத்தாவது வந்துவிட்டாள். நேற்று அதே தாளை நீட்டி, "கேளும்மா," என்றாள். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஸ்லீப் வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டேன்.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டியேம்மா."

"அது உனக்கு வேணாண்டி," என்றேன்.