ஆரோக்கியமானவர்கள் கூட்டத்தில் ஒரு புள்ளி

“அந்த ஒரு புள்ளிய மட்டும் தூக்கிடும்மா. படம் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி இருக்கும்” என்றார் சார்.

திரையில் இரண்டு கூட்டங்கள். மேலே, பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களின் சிவப்புப் புள்ளிகள். கீழே, அவர்களோடு ஒப்பிடுவதற்காக ரத்தம் கொடுத்த ஆரோக்கியமான பெண்களின் நீலப் புள்ளிகள். ஒரே ஒரு நீலம் மட்டும் தன் கூட்டத்தை விட்டு, சிவப்புகளின் நடுவில் போய் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஆய்வகத்தின் வேலையே அந்தப் புள்ளிகள்தான். நம் டி.என்.ஏ. மேல் மீத்தைல் என்ற சின்னஞ்சிறு ஒட்டுகள் உண்டு. எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. புற்றுநோயில், கட்டியைத் தடுக்க வேண்டிய மரபணுக்களின் மேலேயே அவை அப்பிக்கொள்வதுண்டு. கட்டியிலிருந்து உதிரும் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும். அவற்றில் இந்த ஒட்டுகளைத் தேடினால், வலி தெரிவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்கலாம். அது எப்படிப் போகும் என்றும் ஓரளவு சொல்லலாம். அப்படித்தான் சாரின் கட்டுரை ஆரம்பித்தது. நான்தான் தட்டச்சு செய்தேன்.

“திரும்பச் செஞ்சு பாத்துட்டேன் சார். அதே ரத்தத்த வேற குழாயிலேர்ந்து எடுத்தும் செஞ்சேன். அங்கேயேதான் நிக்குது.”

“நிக்கட்டுமே. ஆரோக்கியமானவங்க கூட்டத்துல இது ஒரு கோளாறு. கோளாற எடுத்துடறது வழக்கம்தானே?”

“கோளாறு இல்ல சார், அது ஒரு ஆளு.”

சார் சிரித்தார். கெட்டவர் இல்லை. ஆய்வகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் வாங்கி வருவார். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது.

“இது இன்னும் மருத்துவச் சோதனையா ஆகலம்மா. நாளைக்கு ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா, சும்மா இருந்த பொம்பளையப் பயமுறுத்தினது யாரு? முடிவு சொல்ல மாட்டோம்னு கையெழுத்து வாங்கும்போதே சொல்லியாச்சு. பேரையும் மறைச்சாச்சு. யாருன்னு நமக்கே தெரியக் கூடாது.”

“நம்பகமான சோதனைன்னு கட்டுரையில எழுதறோம். அந்தப் பொம்பளை மட்டும் நம்பக் கூடாதா?”

நான் ஏன் விடாமல் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த நீலங்கள் அத்தனையும் என் சித்தி அழைத்து வந்தவர்கள். சித்தியும் அதில் ஒருத்தி. ஐம்பது தாண்டிய ஆரோக்கியமான பெண்கள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடியபோது, தான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு தையல் வரிசையையே சாப்பாட்டு இடைவேளையில் இழுத்து வந்தாள். “நாள் பூரா ஊசியோட மாரடிக்கிறவளுங்க, இந்த ஊசிக்கா பயப்படறீங்க?” என்று அவள் அதட்டியதில் ஆய்வகத் தாழ்வாரமே சிரித்தது. சாரும் சிரித்தார். ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு, பிள்ளைகளை விசாரித்து, அவரே கையெழுத்து வாங்கினார்.

இப்போது அவர் தன் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கடவுச்சொல் அடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார்.

“உன் சித்தி இல்ல. போதுமா? இப்பத் தூக்கிடு.”

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பொய் சொல்ல மாட்டேன், கண்ணீர்கூட வந்தது. அந்தக் கண்ணீர் காய்வதற்குள் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. ஒரு பெண்ணின் உயிருக்காகத் திறக்கக் கூடாத பூட்டு, என் வாயை அடைப்பதற்காகத் திறந்திருக்கிறது.

“அப்ப யாரோட சித்தி சார்?”

கேட்டுவிட்டு வெளியே வந்தேன். புள்ளியைத் தொடவில்லை.

சித்தி வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். “நீ இல்ல சித்தி” என்பதைத்தான் முதலில் சொன்னேன்.

“நான் இல்லன்னா காலை நீட்டிப் படுத்துக்குவேன்னு நெனச்சியா?” சட்டையை உதறினாள். “அவளுங்க கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது யாரு, உங்க சாரா? யாரு அது?”

“தெரியாது சித்தி. எனக்குச் சொல்லல.”

“சொல்ல வேணாம். எல்லாரும் வர்றோம்.”

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்தார்கள். சட்டைகளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. அறை வாசலில் சார் கைகூப்பினார்.

“யாருன்னு நான் சொல்லக் கூடாதும்மா. விதி.”

“யாருன்னு யாரு சார் கேட்டா?” என்றாள் சித்தி. “எல்லாரையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, உள்ள கேமரா விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒண்ணுமில்லாதவ வேலைக்குப் போவா. இருக்கறவளுக்கு வைத்தியம் நடக்கும். யார் பேரும் வெளிய வராது.”

“இத்தன பேருக்கா? அதுக்கு அனுமதி, குழு, கூட்டம்னு…”

“எங்க ரத்தத்த எடுக்க வாங்கினீங்களே அனுமதி, அந்த வேகத்துலயே இதையும் வாங்குங்க. அதுவரைக்கும் இங்கேயே இருக்கோம்.”

“அய்யோ, சூப்பர்வைசர் என்னைத் தைச்சே தொங்க விட்டுடுவான்க்கா” என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது. சொன்னவள் பொத்தான் அக்கா, வரிசையின் கடைசியில் பொத்தான் தைப்பவள். “எனக்கெல்லாம் எதுக்கு? கல்லு மாதிரி இருக்கேன். என் மாமியார்கிட்ட கேட்டுப் பாருங்க.”

எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பார்வை அவள் முகத்தில் ஒரு கணம் மாட்டிக்கொண்டது. பிறகு சட்டென்று தரைக்கு இறங்கியது. யாரிடமும் எதுவும் சொல்லாமல் மேசைக்குப் போய், தொலைபேசியை எடுத்து, பெருங்குடல் பிரிவின் மருத்துவரைக் கேட்டார்.

“ஆமா, எல்லாருக்கும். இன்னிக்கே ஆரம்பிக்க முடியுமா?”

“அப்படி வாங்க வழிக்கு” என்றாள் சித்தி. மற்றவர்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சித்தியின் பேர் அது இல்லை என்று சொல்வதற்கு, அது யார் பேர் என்று அவர் பார்த்திருக்க வேண்டும். பிள்ளைகளை விசாரித்து, கையெழுத்து வாங்கிய முகம். அந்தப் பேரை நேற்றே படித்துவிட்டுத்தான், தூக்கிடு என்றார்.

பொத்தான் அக்காவின் பக்கத்தில் போய் நின்று, அவள் கையைப் பிடித்தேன். “ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்க்கா” என்றேன்.

“வாயேன். அது சரி, உன் கை ஏன்டி இப்படிக் கொதிக்குது?”