முதலில் நுழைந்தவள்

மத்தியானச் சாப்பாட்டை முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. பழைய கோடைப் படிப்பு வாட்ஸ்அப் குழுவில் 'கேமரா' ஒரு படம் போட்டிருந்தான். எந்நேரமும் படம் எடுத்துத் திரிந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். வேறு வேலை இல்லாதவன். வருஷத்துக்கு ஒருமுறை பழசையெல்லாம் குடைந்து இப்படி எதையாவது எடுத்துப் போட்டு, எல்லாருடைய பிற்பகலையும் பாழாக்குவான்.

படத்தில் ஒரு நீள மேசை. நடு நாற்காலியில், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி திருதிருவென்று விழித்தபடி, இளம் வயதில் அவள். கீழே 'எங்கள் தலைவி' என்று எழுதி, சிரிக்கிற முகங்களை வாரி இறைத்திருந்தான். இன்றைக்கு அவள் ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கே தலைவி. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட உள்ளே வராது. ஆனால் அந்தக் குழுவில் அவள் இன்னும் 'மியூட்'தான். வாயைத் திறக்காத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் அவன் வைத்த பெயர் அது, ஒட்டிக்கொண்டது, விடவில்லை.

படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். அவள் தேடியது தன் முகத்தை அல்ல, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த தோழியின் முகத்தை. அவளுக்கு அங்கே 'மேனேஜர்' என்று பெயர்.

சீன வணிகமும் பண்பாடும் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். கல்லூரியில் வணிகம் படித்த பிள்ளைகளில் கொஞ்சம் பேரைப் பொறுக்கி எடுத்து, விடுமுறை முழுக்க சீனாவிலேயே தங்கவைத்துப் படிப்பித்தார்கள். காலையில் மொழி. பிறகு வணிக மரியாதைகள். மாலையில் தூரிகையைப் பிடித்து எழுத்துப் பழகல். கேமரா அதில் ஒரு எழுத்து எழுதுவதற்குள் சட்டையெல்லாம் மையாக்கிக்கொள்வான். கல்லூரியிலிருந்து துணைக்கு வந்த சார் மட்டும், தனக்குச் சம்பந்தமே இல்லாத அந்த வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு எழுதுவார்.

விடுதியில் மியூட்டுக்கு வாய்த்த அறைத்தோழிதான் மேனேஜர். பேருக்கேற்ற ஆள். வந்து இறங்கிய அன்றே விடுதிக் காவலாளியிடம் சைகையாலேயே சண்டை போட்டு, காற்று வரும் பக்கத்து அறையாக மாற்றி வாங்கிவிட்டாள். அறையில் இரண்டு இரும்புக் கட்டில், ஒரு மேசை, முழுதாகச் சாத்த வராத ஒரு ஜன்னல். குறுக்கே கட்டிய கொடியில் காயாத துணி எப்போதும் தொங்கும். அந்த ஈரத்துணி வாடை இன்றைக்கும் எங்கேயாவது மூக்கில் பட்டால் மியூட்டுக்கு அந்த அறைதான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சிலருக்கு ரோஜா, சிலருக்கு ஈரத்துணி.

மழை பெய்த ஒரு சாயங்காலம், அந்தத் துணிகளுக்குக் கீழே உட்கார்ந்துதான் மேனேஜர் விஷயத்தை உடைத்தாள்.

"நான் இங்க சும்மா ஊர் பார்க்க வரலடி. கடைசி வாரம் நம்மள ஒரு விளக்குக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போவாங்க இல்ல? அவங்க வருஷா வருஷம் ஒருத்தரை ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுத்துக்கறாங்க. அது எனக்குக் கிடைக்கணும்."

"கிடைக்கலன்னா?"

"திரும்பிப் போனதும் நிச்சயதார்த்தம். கிடைச்சா ஒரு வருஷம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்னு அப்பா வாக்குக் குடுத்திருக்கார். அவர் வாக்குன்னா வாக்குதான், அந்த மட்டும் நல்ல மனுஷன்."

"மாப்பிள்ளை எப்படி?"

"தங்கமானவராம். இருக்கட்டுமே. எனக்கு இப்ப வேண்டாம்டி. ஒரு வருஷம் கிடைச்சா நான் கால் ஊன்றிடுவேன். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் பேசிக்கலாம்."

மியூட் தலையாட்டினாள். வேறென்ன செய்வது? அந்த இடத்தின் மேல் அவளுக்கும் ஆசை இருந்தது என்று எப்படிச் சொல்வது? சாதாரண ஆசை இல்லை, நெஞ்சு வலிக்கிற ஆசை. மூன்று பெண்களில் நடுப்பெண் அவள். அக்காவுக்கு எதுவும் முதலில், தங்கைக்குச் செல்லம், மிச்சம் இருந்தால் இவளுக்கு. "இது ஒண்ணுமே கேட்காதுங்க" என்று அம்மா சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லுவாள். கேட்காததை வேண்டாததாகவே எடுத்துக்கொண்டு வீடு நிம்மதியாக இருந்தது. இந்தப் படிப்புக்குக்கூட, அதே கல்லூரியில் படித்த அக்காவுக்குத் தேதி ஒத்துவராததால்தான் இவள் வந்தாள்.

இங்கே வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. யாருக்கும் யார் பேச்சும் புரியாத ஊரில், பேசாமல் இருப்பது ஒரு குறையாகவே தெரியவில்லை. முனைக் கடைக்காரம்மா இவளைப் பிடித்து உட்காரவைத்துத் தன் பாட்டுக்குப் பேசுவாள். இவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். மற்றவர்கள் பேசிப் பேசிக் கற்றதைவிட இவள் கேட்டுக் கேட்டுக் கற்றது அதிகம். அது யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்தவும் அவளுக்கு வரவில்லை.

மேனேஜர் சொன்னதைக் கேட்ட அன்று, தன் ஆசையை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். அது அவளுக்குப் பழக்கமான வேலைதான்.

கம்பெனிக்குப் போகிற நாள் நெருங்க நெருங்க, வணிக மரியாதை சொல்லித்தந்த வாத்தியாரம்மா எல்லாரையும் சக்கையாகப் பிழிந்தெடுத்தார். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வாங்கியதும் பைக்குள் திணிக்காமல் படிக்க வேண்டும். அறைக்குள் முதலில் நுழைகிறவர்தான் குழுவின் தலைவர். வாசலைப் பார்த்த நாற்காலி அவருக்கு. அவர் தேநீரைத் தொட்டால்தான் மற்றவர்கள் தொடலாம். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று: பெரியவர் ஒருவர் தன் ஆட்களின் முன்னால் ஏதாவது தருகிறேன் என்றால், முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லவே கூடாது. அது அவரை எல்லார் முன்னாலும் அறைந்த மாதிரி.

முதலில் நுழையப்போவது மேனேஜர் என்று முடிவாயிற்று. ஒத்திகையும் நடந்தது. விடுதி அறைக் கதவை வைத்துக்கொண்டு அவள் பத்துத் தடவை நுழைந்து காட்டினாள். ஒரு தடவை காவலாளியே பயந்து எழுந்து நின்றுவிட்டான்.

ஆனால் நம் ஆட்களைக் கதவருகே நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது வாத்தியாரம்மாவுக்கு எப்படித் தெரியும்?

கம்பெனியின் கூட்ட அறைக் கதவைத் திறந்துவிட்டு ஒரு பெண் குனிந்து வரவேற்றாள். மேனேஜர் ஓர் அடி எடுத்து வைத்தாள். வைத்தவள், பின்னால் சார் நிற்பதைப் பார்த்துவிட்டாள். வயதில் பெரியவரை வெளியே நிறுத்திவிட்டு எப்படிப் போவது? சட்டென்று ஒதுங்கி நின்றாள்.

"நீங்க போங்க சார்."

"அட, நான் சும்மா துணைக்கு வந்தவன்மா. நீங்க போங்க."

"நீங்க இருக்கும்போது எப்படி சார்?"

"லேடீஸ் எல்லாம் முதல்ல போகட்டும் சார்" என்று கேமரா நடுவில் புகுந்தான். சார் அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தார். அவன் நழுவிப் பின்னால் போனான். அந்த நெருக்கலில் யாரோ ஒருவரின் முழங்கை இடிக்க, எதிலும் சேராமல் ஓரமாக நின்றிருந்த மியூட் தடுமாறிப்போய் அறையின் நடுவில் நின்றாள்.

உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்தார்கள். முதலாளியம்மா, கிராப் வெட்டிய நரைத்த தலை, நேராக அவளிடம் வந்து கைகொடுத்தார். கையைப் பிடித்தபடியே கூட்டிப்போய் வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காரவைத்தார். மியூட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலில் மேனேஜர் பேயறைந்த மாதிரி நின்றாள். இனி மாற்றினால் அதுவே பெரிய அவமானம் என்று கூட வந்திருந்த வாத்தியாரம்மா கண்ணாலேயே எச்சரித்தார். மேனேஜர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்துத்தான் கேமரா இந்தப் படத்தை எடுத்தான், பாவி.

தேநீர் வந்தது. யாரும் குடிக்கவில்லை. கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்த சார் எச்சில் விழுங்கினார். கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் இரண்டு முறை இருமிக் காட்டிய பிறகுதான் எல்லாரும் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது மியூட்டுக்கு உறைத்தது. அவள் ஒரு மிடறு குடித்தாள். மேசை முழுவதும் கோப்பைகள் உயர்ந்தன. தன் கைக்காக இத்தனை கைகள் காத்திருந்ததை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

மேனேஜர் எழுந்து பேசினாள். அந்த விளக்குகளை நம் ஊர் வீடுகளில் எப்படி விற்கலாம் என்று அவள் பேசிய பேச்சு பிரமாதம். அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் முதலாளியம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மியூட்டின் முகத்தைப் பார்த்தார். மியூட் நம் வழக்கப்படி சரி சரி என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். மொழிபெயர்ப்பாளர் கவலையோடு மேனேஜர் பக்கம் சாய்ந்து, "உங்கள் தலைவிக்கு இதில் உடன்பாடு இல்லையா?" என்று கேட்டார். மேனேஜரின் குரல் அங்கேதான் முதல்முறையாகத் தடுமாறியது.

கடைசியில் முதலாளியம்மா எழுந்தார். தன் ஆட்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் தன் கார்டை மியூட்டிடம் நீட்டினார். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கும் முன்பே மியூட்டுக்கு அது புரிந்துவிட்டது. 'நன்றாகப் பேசுகிறவர்கள் எங்களிடம் நிறைய இருக்கிறார்கள். இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. இந்த வருஷம் நீங்கள் எங்களோடு இருங்கள்.'

பக்கத்தில் மேனேஜர் தன் பேச்சுத் தாளை நான்காக மடிப்பது மியூட்டுக்குத் தெரிந்தது. அவள் திரும்பவில்லை. கேட்காமலே ஒன்று முதன்முதலாக அவள் பெயருக்கு வந்திருந்தது. இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். கற்றுத்தந்தபடி நிதானமாகப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, வேண்டுமென்றே மெதுவாகப் படித்தாள். அவ்வளவு நேரம் அந்த ஒரு வருஷம் அவளுடையதாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வேண்டும் என்றும் சொல்லக்கூடாது. பிறகு, அந்தக் கோடை முழுக்கக் கூட்டத்தில் வாயே திறக்காதவள், அவர்களுடைய மொழியிலேயே பேசினாள்.

"இது எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் நான் தலைவி. நான் இங்கே தங்கிவிட்டால் இவர்களை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது?"

சாருக்குத் தேநீர் புரையேறியது. முதலாளியம்மா ஒரு நொடி பார்த்தார். அப்புறம் மேசை அதிரச் சிரித்தார். அவர் சிரித்ததும் அவருடைய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"உண்மைதான். ஆட்களை விட்டுவிடுகிற தலைவி எனக்கும் வேண்டாம். சரி, உங்களுக்குப் பதிலாக யாரை விட்டுவிட்டுப் போவீர்கள்?"

"எங்களிடம் இருப்பதிலேயே நல்ல ஆளை" என்று மியூட் மேனேஜரின் தோளில் கை வைத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் கூட்டம் ஆர்ப்பாட்டம் பண்ணியது. மேனேஜர் மட்டும் ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"உனக்கு அது வேண்டாமா?"

"எனக்கெதுக்குடி? இங்க குளிர் காலம் ரொம்ப மோசமாம். எனக்கு ஒத்துக்காது."

மேனேஜர் அவளை உற்றுப் பார்த்தாள். கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மியூட்டின் துணிகளையும் சேர்த்தே மடித்தாள். மீதி நாட்களில் இரண்டு பேரும் ஊர் சுற்றினார்கள், மழையில் நனைந்தார்கள், முனைக் கடைக்காரம்மாவோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் நடந்தது. அந்தப் பேச்சு மட்டும் எழவில்லை. அப்பாவிடம் போனில் பேசிவிட்டு மேனேஜர் குதித்துக்கொண்டு வந்தபோது மியூட்டும் கூடக் குதித்தாள். அந்தச் சந்தோஷம் நிஜம். உள்ளே இருந்த வலியும் நிஜம்தான்.

புறப்படுகிற காலையில் விடுதி வாசலில் பேருந்து நின்றது. எல்லாரும் ஏறியாயிற்று. சார் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பயிற்சிக்கு அங்கேயே தங்கப்போகிற மேனேஜர் மியூட்டின் பெட்டியைத் தானே தூக்கி வைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"குளிர் அது இதுன்னு சொன்னியே, அது பொய்."

மியூட் தரையைப் பார்த்தாள்.

"உனக்கும் அது வேணும்னு எனக்குத் தெரியும்டி. அந்தக் கார்டை நீ படிச்ச லட்சணத்துலயே தெரிஞ்சுபோச்சு. என்னைவிட உனக்குத்தான் ஆசை அதிகம்." அவள் கண்ணை எடுக்கவில்லை. "தெரிஞ்சும் நான் எடுத்துக்கறேன். எனக்கு வேற வழி இல்ல. நீ மனசில்லாம குடுத்தன்னு நினைச்சா என்னைத் திட்டிக்கோ. ஆனா உனக்கு வேண்டாததை நான் வாங்கிக்கிட்டேன்னு மட்டும் ஒருநாளும் சொல்ல மாட்டேன்."

சார் சத்தம் போட்டார். மியூட் ஓடிப்போய் ஏறினாள். பேருந்து திரும்பும்வரை மேனேஜர் தெருவில் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் அங்கேயே காலூன்றி, அங்கேயே தொழில் தொடங்கி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டாள் என்பதெல்லாம் வேறு கதை.

அன்றைக்குப் பேருந்தில் மியூட் தேம்பித் தேம்பி அழுதாள். வீட்டு ஞாபகம் என்று நினைத்து சார் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அழுகை அதற்கில்லை. அவளிடமிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அவளுக்கும் அது வேண்டும் என்று தெரிந்து எடுத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான்.