இருநூறு விளக்கும் ஒரு தபால்காரரும்

"ஏம்மா, உனக்குன்னு ஒரு கருத்தே கிடையாதா?"

ஒன்பதாம் வகுப்பில், ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில், டீச்சர் அவளைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. அன்றைய பேப்பரில் வந்த ஒரு செய்தியைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி சொல்ல வேண்டும். அவளிடம் இருந்தது இரண்டு வரி அல்ல, இரண்டு பக்கம். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பித் தொண்டையில் வந்து முட்டிக்கொண்டு நின்றன. பஸ் படியில் அத்தனை பேரும் ஒன்றாக இறங்கப் பார்த்தால் ஒருத்தரும் இறங்க முடியாதே, அந்த மாதிரி. வகுப்பு சிரித்தது. மறுநாள் வயிற்றுவலி என்று லீவு போட்டாள். நாலு வருஷமாகியும் அந்த வயிற்றுவலி தீரவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டவளை வீட்டில் முடக்கி வைப்பானேன் என்று மாமா அவளைத் தன் விளக்குக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாத அந்த வீட்டுக்கு எல்லாமே அவர்தான். எதைக் கேட்டாலும் "ம்" என்று மட்டும் சொல்கிற பெண்ணுக்கு 'உம்மு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். பல்பு டப்பாக்களை வாட் வாரியாக அடுக்குவதும் கண்ணாடிக் கூண்டுகளைத் துடைப்பதுமாக இரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்திருந்தாள்.

கடையில் இன்னொருவர் 'ஏணி'. ஸ்டூல் போடாமலே கூரை விளக்கைக் கழற்றுகிற உயரம் என்பதால் அந்தப் பெயர். பதினாறு வருஷம் மாமாவோடு இருந்தவர். கடையை மூட வேண்டி வந்தபோது மாமா தனக்கு ஒரு வழி தேடுவதற்கு முன்னால் ஏணிக்குத் தேடினார். ஆஸ்பத்திரி ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை. "இவன் கையை என் கை மாதிரி நம்பலாம்" என்று மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டு வந்தார்.

கடை மூடி ஏழு மாதம் ஆயிற்று. யார் காரணம் கேட்டாலும் மாமாவிடம் ஒரே பதில்தான்.

"ஃபோன்தாங்க. படுத்த எடத்துலேருந்து விரலால தடவி வாங்கறான். அப்புறம் எவன் படியேறிக் கடைக்கு வருவான்?"

வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தினமும் காலையில் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டாவது மாடியில் இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின். ஒரு சட்டைக் கம்பெனிக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பாள். மாமா பேப்பரை விரித்து உரக்கப் படிப்பார். செய்தி ஒரு வரி என்றால் அவருடைய அபிப்பிராயம் ஒன்பது வரி. அம்மா மெஷினை மிதித்துக்கொண்டே குறுக்கே பேசுவாள். உம்மு மூலையில் உட்கார்ந்து பொத்தான் கோர்ப்பாள்.

கோர்த்து முடித்ததும் உள்ளறைக்குப் போய், தனக்குத் தோன்றியதை நோட்டில் எழுதுவாள். அப்படி ஒன்பது நோட்டு சேர்ந்திருந்தது. மேலட்டையில் 'அல்ஜீப்ரா' என்று எழுதி வைத்திருந்தாள். அந்த வீட்டில் அதைத் தொடுகிற துணிச்சல் யாருக்கும் கிடையாது.

ஒருநாள், என்ன தோன்றியதோ, ஒரு பக்கத்தைப் பார்த்து நல்ல காகிதத்தில் எழுதி, பேப்பரின் வாசகர் பக்கத்துக்கு அனுப்பினாள். கீழே 'ஓய்வுபெற்ற தபால்காரர்' என்று போட்டாள். எல்லா வீட்டு வாசலுக்கும் போகிறவர், எல்லோர் முகத்தையும் பார்க்கிறவர், ஆனால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவருக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று அவளுக்குப் பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கடிதம் பேப்பரில் வந்துவிட்டது. தெருமுனையில் புதிதாகக் கட்டிய நடைமேம்பாலத்தைப் பற்றி எழுதியிருந்தாள். "திறந்து வைத்த பெரியவர்கள் எல்லோரும் காரில் வந்து காரில் போனார்கள். ஒருவராவது படியேறிப் பார்த்திருந்தால், ஒவ்வொரு படியும் முழங்கால் உயரம் இருப்பது தெரிந்திருக்கும்."

மாமா தொடையைத் தட்டினார். "ஆளு யாருன்னு தெரியலையே! நான் நெனச்சதை அப்படியே எழுதியிருக்கான்."

"நீ அந்தப் பாலத்துப் பக்கமே போனதில்லையே அண்ணா."

"போனாத்தான் நெனைக்கணுமா?"

அதன் பிறகு வாராவாரம் மாமா முதலில் தேடுவது தபால்காரரைத்தான். ஒரு வாரம் டிவி பாட்டுப் போட்டி: "பாடுகிற பெண் வாயைத் திறப்பதற்குள் நடுவர் கைக்குட்டையை எடுத்துவிடுகிறார். அழுகைக்கும் ஒத்திகை உண்டு போலிருக்கிறது."

"சரியாச் சொன்னான் பாரு!" என்றார் மாமா.

"நேத்து அந்த நடுவரோட சேர்ந்து நீயும்தானே மூக்கை உறிஞ்சினே?"

"அது ஜலதோஷம்."

இன்னொரு வாரம் ராத்திரி எட்டு மணித் தொடர்: "கதாநாயகிக்கு இத்தோடு மூன்றாவது தடவையாக நினைவு போயிருக்கிறது. பார்க்கிற எங்களுக்குத்தான் போகமாட்டேன் என்கிறது." இதைப் படித்துவிட்டு மாமா சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். கடை மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. மூலையில் உட்கார்ந்திருந்த உம்முவுக்குப் பொத்தான் கை தவறி உருண்டது.

அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. போன வாரம் பேப்பரில் 'கடைகளை விழுங்கும் இணையம்' என்று அரைப்பக்கக் கட்டுரை ஒன்று வந்திருந்தது. மாமா அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவரிடமெல்லாம் காட்டினார். உங்கள் ஊர்க் கடைகள் ஏன் மூடின என்று வாசகர்களையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று உம்முவுக்குத் தெரியும். மாமாவின் முகத்துக்கு நேரே சொல்ல அவளால் ஆகாது. ஆனால் தபால்காரர் சொன்னால் மாமா கேட்பார். தபால்காரர் எது சொன்னாலும் அவருக்குச் சரிதானே?

மூன்று தடவை அடித்து எழுதி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"வந்துட்டான் நம்ம ஆளு!" என்று மாமா பேப்பரை மடித்துக்கொண்டார். "கடைகளைப் பத்தி எழுதியிருக்கான். கேளு." குரலை உயர்த்திப் படித்தார்.

"'எனக்குத் தெரிந்த ஒரு விளக்குக் கடை. இருநூறு விளக்கு தொங்கும், இரண்டு எரியும். கல்லாவுக்குக் கீழே வரிசையாக முப்பது சுவிட்ச். ஒவ்வொன்றின் பக்கத்திலும் துண்டுக் காகிதத்தில் அதனதன் பெயர். எது வேண்டுமென்று சொல்லுங்கள், போட்டுக் காட்டுகிறேன் என்பார் கடைக்காரர். எது வேண்டுமென்று...'"

குரல் இறங்கிவிட்டது. மீதியை வாய்க்குள் படித்தார். அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

மாமா பேப்பரை அவள் பக்கம் தள்ளினார். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "'...எது வேண்டுமென்று தெரிந்துகொள்ளத்தானே அவர்கள் வந்தார்கள்? இருட்டில் அண்ணாந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போனார்கள். ஃபோனில் எல்லா விளக்கும் எரிகிறது. அந்தக் கடையை இணையம் அணைக்கவில்லை.'"

"என் கடை" என்றார் மாமா.

"உலகத்துல விளக்குக் கடை உன்னுது ஒண்ணுதானா?"

"என் கடைதான். முப்பது சுவிட்ச். அது கல்லாவுக்கு உள்பக்கம் இருக்கு. வெளிய நிக்கறவன் எட்டிப் பார்த்தாலும் தெரியாது. எந்தத் தபால்காரன் என் கல்லாவுக்குள்ள வந்தான்?" அவர் முகம் கறுத்தது. "அந்தத் துண்டுக் காகிதத்தை ஒட்டினது யாரு? ஏணி."

"ஏணி அண்ணனா? அவருக்கு லீவு லெட்டரே நீதானே எழுதிக் குடுப்பே!"

"சொல்லி எழுத வெச்சிருப்பான். கூடவே இருந்து பார்த்துட்டு, வெளிய போய்க் குழி பறிக்கறான்." மாமா எழுந்து நடந்தார். நாலு எட்டில் சுவர் வந்துவிட்டது, திரும்பினார். "உம்மு, பேப்பர் பேனா எடு. நான் சொல்லச் சொல்ல எழுது. உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும்."

உம்மு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தனக்கெதிராகத் தானே எழுத வேண்டும்.

"மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு. போட்டியா? தபால்காரர் என்கிற போர்வையில் ஒருவர்... ஒருவர் வேணாம், ஒரு நபர்னு போடு. ஒரு நபர் உளறியிருக்கிறார். விளக்குத் தொழிலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எரிந்த விளக்கு பழைய விளக்கு. எரியவிட்டுத் தொங்கவிட்டால் மக்கள் வாங்கமாட்டார்கள். ஒருமுறைகூட எரியாத புத்தம்புது விளக்கைத்தான் நாங்கள் கொடுத்தோம். போட்டியா?"

"ம்."

அவளுக்கு அது பொய்யாகப் படவில்லை. மாமா அப்படித்தான் நம்பினார். டப்பாவைப் பிரித்துக் கொடுக்கும்போது, "கன்னி விளக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருக்கிற பெருமையைப் பார்க்க வேண்டும்.

"வந்தவர்கள் எல்லோரும் மனநிறைவோடு போனார்கள்."

பேனா நின்றது. அந்த வரியை அவளால் எழுத முடியவில்லை. போனவர்களின் முதுகை அவள்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தி, "உள்ள பயமா இருக்குன்னு அழறான்" என்று சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருக்கிறது.

"லெட்டர் அப்புறம் ஆகட்டும்" என்று மாமா மறுபடி உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஃபோனை எடுத்தார். "முதல்ல அந்த மேனேஜர். நம்பலாம்னு சொன்ன இதே வாயால, நம்பாதீங்கன்னு சொல்லிடறேன்."

"அண்ணா, அவருக்கு ரெண்டு பொண்ணு. ஆத்திரத்துல எதையாவது பண்ணிடாதே."

"எனக்கு மட்டும் யாரு பார்த்தா?" விரல் திரையில் பெயரைத் தேடி மேலே போய்க்கொண்டிருந்தது.

"மாமா."

இரண்டு பேருமே திரும்பிப் பார்த்தார்கள். தானாக வாயைத் திறந்து உம்மு யாரையும் கூப்பிட்டு அவர்கள் கேட்டதில்லை.

"அவர் இல்ல மாமா."

"பின்ன யாரு?"

"நான்."

"என்ன நான்?"

"நான் எழுதினேன். தபால்காரர்... எல்லாமே நான்தான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளா? பால்காரன்கிட்ட ஒரு பாக்கெட்டுன்னு விரலைக் காட்டற பொண்ணு. ஏணிக்குப் பாவம் பார்த்துச் சொல்றா, விடுண்ணா."

மாமா சிரிக்கவில்லை. ஃபோனை மடியில் வைத்துவிட்டு, பேப்பரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.  உம்முவுக்கு இந்தத் தடவை தொண்டையில் ஒன்றும் முட்டவில்லை. ஒவ்வொன்றாக வரிசையில் இறங்கி வந்தது.

"கடைசியில இருந்ததைப் பேப்பர்காரங்க வெட்டிட்டாங்க மாமா. 'அந்தக் கடைக்காரரைப் போலக் கண்ணாடி விளக்கைத் தூக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை. நான் பார்த்தவரையில் அவர் கையிலிருந்து ஒன்றுகூட விழுந்ததில்லை. ஒரே ஒரு தடவை விழப் போனது, அதையும் முழங்காலால் தடுத்துப் பிடித்துவிட்டார். இரண்டு நாள் நொண்டினார்.' இதையும் எழுதியிருந்தேன். எடம் இல்லைன்னு எடுத்துட்டாங்க போல."

மாமாவின் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போயிற்று. அந்த விளக்கு விழப் போனபோது கடையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. ஏணி அன்றைக்கு லீவு.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "அடிப்பாவி! சோறு போட்ட மனுஷனைப் பத்தி ஊரே படிக்கற மாதிரி..."

"நீ சும்மா இரு" என்றார் மாமா. பிறகு உம்முவிடம், கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அந்தத் தணிந்த குரலில் கேட்டார். "இது உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"எது மாமா?"

"கடை இருட்டா இருந்தது. வந்தவங்க அதனாலதான் திரும்பிப் போனாங்கங்கறது."

மூடின பிறகுதான் புரிந்தது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் இரண்டு திட்டு திட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்.

"வந்த முதல் வாரத்துலேயே" என்றாள்.

 முதல் வாரத்துக்குப் பிறகு இரண்டு வருஷம். அத்தனை நாளும் மாமாவுக்கு மூன்றடி தூரத்தில், முக்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் "ம்" சொல்லிக்கொண்டிருந்தாள். பேப்பரில் எழுதியதைவிட இதுதான் அவரைத் தாக்கியது என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. பேப்பர் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

ஏதாவது சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது. 'நன்றி கெட்டவளே' என்றாவது.

அவர் எழுந்தார். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணா, டீ ஆறுது" என்றாள் அம்மா.

வழக்கமாக மாமா கிளம்பும்போது மூன்று தடவை "வரேன்" சொல்வார். எழுந்திருக்கும்போது ஒன்று, செருப்பு போடும்போது ஒன்று, படியில் பாதி இறங்கியதும் கீழிருந்து ஒன்று. அன்றைக்குச் செருப்பைப் போட்டார், நிலைப்படியைத் தாண்டினார், கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.